நூல் கட்டிய குடுவை

— கதவைச் சாத்து முதல்ல. சாத்திட்டு அப்புறம் மூச்சு வாங்கு.

— சாத்திட்டேன் அண்ணி. ஐயோ, அங்க நிக்கவே முடியல. நாலு நாற்காலியிலயும் ஒரே கூத்து. தலைவலிங்கறாங்க, வாந்தி எடுக்கறாங்க, உடம்பெல்லாம் தீயா எரியுதுங்கறாங்க. பிரஷர் கடகடன்னு ஏறுது. டயாலிசிஸ் மெஷின் எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. ரெண்டாம் நாற்காலி அம்மாவை மேல ஐசியூவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

— மூணாம் நாற்காலி?

— அண்ணனா? அண்ணன் பரவாயில்ல. ரெண்டு தடவை வாந்தி எடுத்தாரு, அவ்வளவுதான். வாயைத் துடைச்ச கையோட ஜோக் அடிக்கறாரு. 'ஊசி குத்தறது சொந்தத் தங்கச்சி, தண்ணி சோதிக்கறது சொந்தப் பொண்டாட்டி, நான் வேற எவளை நம்பறது'ன்னு கேக்கறாரு.

— அப்படியா கேட்டாரு?

— அண்ணனைத் தெரியாதா உங்களுக்கு. ஏன் அண்ணி, முகமே சரியில்ல? நீங்க ஏன் பதறணும்? காலையில ஆறரைக்கு நீங்க எழுதிக் குடுத்த சீட்டு எங்க சுவத்துல ஒட்டியிருக்கு. ஹார்ட்னஸ் சைபர், சுண்ணாம்பே இல்ல. தண்ணி பஞ்சு மாதிரி. நம்ம மேல ஒரு தப்பும் இல்ல.

— இங்க வா. பக்கத்துல வந்து நில்லு. இந்தக் குடுவையில என்ன நிறம் தெரியுது?

— சிவப்பு. பீட்ரூட் வேகவச்ச தண்ணி மாதிரி.

— இது உங்க மெஷினுக்குப் போற குழாயில அரை மணி நேரம் முன்னாடி நானே போய்ப் புடிச்சது. இப்ப மேல மாட்டியிருக்கற ப்யூரெட்டுக் குழாயைத் திறக்கறேன். சொட்டுச் சொட்டா விழுதா? நிறம் மாறினா சொல்லு.

— மாறலை… மாறலை… மாறலை அண்ணி.

— அஞ்சு மில்லி ஆச்சு. இன்னும் பாரு.

— சிவப்புதான். எவ்வளவு நேரம்தான் விடுவீங்க? கை அசக்கறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. சிவப்பு, சிவப்பு… இருங்க, ஓரத்துல ஊதாவா தெரியுது. இதோ, நீலம்! நீலமாயிடுச்சு.

— பன்னெண்டு மில்லி. வெளியில கை கழுவற குழாயில வர்ற தண்ணிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. சுண்ணாம்பு அப்படியே போயிருக்கு மெஷினுக்குள்ள. அங்கேருந்து ரத்தத்துக்குள்ள.

— காலையில இது எத்தனை மில்லி?

— ஒரு சொட்டுகூட விடலை. நிறம் காட்டற பொடியைப் போட்டு அசக்கினேன், போட்டவுடனே நீலம். சுண்ணாம்பு இருந்தா சிவப்பு, இல்லைன்னா நீலம். அதான் சைபர்னு எழுதினேன்.

— அப்பச் சரியாப் போச்சு. காலையில நல்லா இருந்த தண்ணி அப்புறம் கெட்டிருக்கு. மேனேஜரும் அதையேதான் சொல்றாரு. ஆறரைக்கு சைபர், எட்டு மணிக்கு வாந்தி. நடுவுல நம்ம உப்புத் தொட்டி பாக்கற உப்பண்ணன், தொட்டிக்குள்ள போகாம தண்ணியை நேரா விடற பைபாஸ் வால்வைத் திறந்து விட்டுட்டாருன்னு. அவரை ஆபீஸ் ரூம்ல உக்கார வச்சு ஒரு காகிதத்தை நீட்டிக்கிட்டு இருக்காங்க. 'நான்தான் திறந்தேன்'னு கையெழுத்துப் போடணுமாம்.

— அவர் திறக்கலை.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கேட்டுக்கோ, நடுவுல பேசாதே. நேத்து சாயந்திரமே அவர் வந்து சொன்னாரு, 'மேடம், தொட்டிக்கு உப்பு மூட்டை வரலை, நாளைக்குத் தாங்காது'ன்னு. பெரிய வடிகட்டி மெஷின் பழுதாகி ரெண்டு வாரமாச்சு, அந்த உப்புத் தொட்டி ஒண்ணுதான் சுண்ணாம்பைப் புடிச்சு நிறுத்துது. காலையில சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன், தேவைப்பட்டா மெஷினையே ஓட்ட வேணாம்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். காலையில சோதிச்சா நீலம். அவருக்கே ஆச்சரியம். 'அப்படியா மேடம், தாங்கிடுச்சா'ன்னு கேட்டுட்டுப் போனாரு.

— தாங்கியிருக்கு. அவ்வளவுதானே?

— தாங்கலைடி. என் கைதான் தப்பு பண்ணியிருக்கு.

— என்ன உளர்றீங்க?

— சாயந்திரம் கிளம்பும்போது ப்யூரெட்டுல மிச்சம் இருக்கற ஈடிடிஏவை, இப்ப சொட்டுச் சொட்டா விட்டேனே, அந்தக் கரைசலை நான் கீழ கொட்டறதில்ல. அந்தக் கரைசலைத் தயார் பண்ண அரை நாள் ஆகும். காயவைக்கணும், எடை போடணும், சரிபார்க்கணும். மனசு வராது கொட்டறதுக்கு. ஒரு குடுவையில வடிச்சு வச்சுட்டு, மறுநாள் அதாலேயே ப்யூரெட்டை அலசிக்குவேன். பதினோரு வருஷமா இதான் பழக்கம். அந்தக் குடுவை இடது பக்கம். சாம்பிளுக்குன்னு கழுவிக் கவுத்து வச்ச குடுவை வலது பக்கம்.

— சரி.

— இன்னிக்கு உங்கண்ணனுக்கு ராத்திரியெல்லாம் மூச்சு இழுத்துச்சு. அவரைக் கிளப்பி, வண்டியில ஏத்தி, இங்க உங்கிட்ட ஒப்படைச்சுட்டு அரக்கப்பரக்க ஓடி வந்தேன். உப்பண்ணன் சாம்பிளோட வாசல்ல நிக்கறாரு. கைக்குக் கிடைச்ச குடுவையை எடுத்தேன், ஊத்தினேன். அடியில ரெண்டு விரல் உயரத்துக்கு ஏற்கனவே இருந்ததை நான் பாக்கவே இல்ல. பாத்தாலும் தெரியாது, வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும்.

— இருந்தா என்ன? அதுவும் தண்ணி, இதுவும் தண்ணி.

— தண்ணி இல்ல. அதான் விஷயமே. ஈடிடிஏ கால்சியத்தைக் கண்டா விடாது. ஆறு பக்கமும் வளைச்சுப் புடிச்சுக்கும், உங்கம்மா பீரோ சாவியைப் புடிச்சுக்கற மாதிரி. அப்புறம் பொடியைப் போட்டா, பொடிக்குன்னு ஒரு கால்சியம்கூட மிச்சம் இருக்காது. பொடி தனியா நிக்கும். தனியா நின்னா அது நீலம்.

— எங்கம்மா சாவியை ஏன் இழுக்கறீங்க இதுல… இருங்க. அப்ப காலையில தண்ணியில சுண்ணாம்பு இருந்துச்சு. ஆனா நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே குடுவையில இருந்தது அதையெல்லாம் புடிச்சுடுச்சு.

— ஆமா.

— அதனாலதான் போட்டவுடனே நீலம்.

— ஆமா.

— இது… இது யாருக்காவது தெரியுமா?

— அரை மணி நேரம் முன்னாடி வரைக்கும் எனக்கே தெரியாது. ப்யூரெட்டை அலசலாம்னு மிச்சம் வச்ச குடுவையைத் தேடறேன், காணோம். இந்தப் பக்கம் பாத்தா கழுவிக் கவுத்தது கவுத்தபடியே உக்காந்திருக்கு. அப்பத்தான் எனக்கு எல்லாம் புரிஞ்சுது.

— அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வாயே திறக்காதீங்க.

— என்னது?

— வாயே திறக்காதீங்கன்னு சொல்றேன். சத்தியமா யாருக்கும் தெரியப் போறதில்ல. எனக்கே நீங்க விளக்கின அப்புறம்தான் புரியுது. மேனேஜருக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் புரியாது.

— அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டுடுவாருடி.

— போடட்டும். வேலை போகும். வேற எங்கேயாவது பம்பு பாத்துக்குவாரு. ஒண்டிக்கட்டை. நமக்கு அப்படியா?

— மேல இருக்கற அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா வேலை மட்டுமா போகும்? போலீஸ் வரும். கைது பண்ணுவாங்க. செய்யாத தப்புக்கு.

— அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது! ஆகாதுன்னு நினைங்க. சும்மா நீங்களே பேயைக் கூப்பிடாதீங்க. அண்ணனை நினைங்க அண்ணி. நீங்க இந்த லேப்ல இருக்கற வரைக்கும்தான் அந்த மூணாம் நாற்காலி அண்ணனுக்கு. ஊழியர் குடும்பம்னுதானே குடுத்தாங்க? நாளைக்கு உங்களை வெளிய அனுப்பினா, அன்னிக்கே அண்ணனையும் வெளிய அனுப்புவாங்க. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில வரிசை எவ்வளவுன்னு நீங்கதானே விசாரிச்சீங்க?

— எட்டு மாசம்.

— எட்டு மாசம்! வாரத்துக்கு மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்ண வேண்டிய மனுஷன். ரெண்டு தடவை தவறினாலே கால் என்ன ஆகும், மூச்சு என்ன ஆகும்? எட்டு வாரம் தாங்குவாரா?

— தெரியும். எல்லாம் தெரியும். அதை நீ சொல்லணும்னு இல்ல.

— அப்ப?

— அப்பவும் சொல்லித்தான் ஆகணும். பெரிய டாக்டர் பதினொண்ணரைக்கு வர்றாரு. வாய்ல சொன்னா நம்ப மாட்டாரு, 'பதினோரு வருஷ கெமிஸ்ட்டுக்கு இப்படியெல்லாம் வராது, நீங்க பயத்துல பேசறீங்க'ன்னுவாரு. அதனால செஞ்சே காட்டிடறேன். இதோ பாரு, ப்யூரெட்டுல மிச்சம் இருக்கறதை இந்தக் குடுவையில வடிக்கறேன். அதே ரெண்டு விரல். அவர் முன்னாடி இதுல குழாய்த் தண்ணியை ஊத்திப் பொடியைப் போட்டா நீலம். கவுத்து வச்ச குடுவையில அதே தண்ணியை ஊத்தினா சிவப்பு. பாத்தவுடனே அவருக்குப் புரிஞ்சுடும்.

— கழுத்துல என்ன கட்டறீங்க?

— சிவப்பு நூல். இன்னொரு தடவை கை மாறிடக் கூடாது இல்ல? நூல் கட்டினது ஈடிடிஏ. நூல் இல்லாதது சுத்தம். தொடாதே ரெண்டையும்.

— தொடலை. நான் ஏன் தொடறேன். ஆனா அந்த டாக்டர் இதைப் பாக்கலைன்னா, அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் வெறும் வாய்ப் பேச்சுதானே?

— அதான் காட்டப் போறேன்னு சொல்றேனே. ஏய், ஃபோன் அடிக்குது. அதை எடு… வேணாம், குடு, உங்கண்ணன்தான்.

— ஸ்பீக்கர்ல போடாதீங்க. வெளிய கேக்கும்.

— ஹலோ… ஆங், சொல்லுங்க. எப்படி இருக்கு? இன்னும் குமட்டுதா? தண்ணி குடிக்காதீங்க, நாக்கை மட்டும் நனைச்சுக்கோங்க… நான் எங்க வர்றது, லேப்ல வேலை இருக்கு. ஆமா, இங்கதான் இருக்கா உங்க தங்கச்சி… மெஷின்தான் நின்னுபோச்சே, இன்னும் ஏன் அங்கேயே உக்காந்திருக்கீங்க? வெளி வராந்தாவுல பெஞ்சு இருக்கு, காத்தோட்டமா வந்து படுங்களேன்… எழுந்தா என்ன? எழுந்தா வேற யாருக்காவது குடுத்துடுவாங்களா? யாரு சொன்னா அப்படி? அதெல்லாம் யாரும் எடுக்க மாட்டாங்க, அது உங்களோடதுதான்… சின்னப் புள்ளை மாதிரி நாற்காலிக் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களாக்கும். சிரிக்காதீங்க, எனக்குச் சிரிப்பு வரலை… என்ன சத்தமா? ஒண்ணும் இல்ல, உங்க தங்கச்சி குழாயைத் திறந்து விட்டிருக்கா. ஏய், அங்க என்னடி கழுவற?

— டம்ளர் அண்ணி! டீக் கறை. நீங்க பேசுங்க.

— டம்ளர் கழுவறாளாம்… என்ன சொன்னீங்க? மெதுவாப் பேசுங்க, மூச்சு வாங்குது… மீதி ரெண்டு மணி நேரமா? இன்னிக்குள்ள போட்டுடுவாங்க. நான் சொல்லிப் போட வைக்கறேன்… இங்கேயேதான். வேற எங்கேயும் போக வேண்டியதில்ல. நான் இருக்கேன்ல? நான் இருக்கற வரைக்கும்… ஏங்க, அழறீங்களா? ஏங்க? வச்சுட்டாரு.

— அழுதாரா?

— இல்லைன்னாரு. ஆனா அழுதாரு. பன்னெண்டு வருஷத்துல அந்த மனுஷன் அழுது நான் கேட்டதில்ல. ஊசி போட இடமில்லாம கையெல்லாம் புண்ணானப்பகூட சிரிச்சாரு. இன்னிக்கு ஒரு நாற்காலிக்காக அழறாரு. 'எழுந்தா போயிடுமோன்னு பயமா இருக்கு'ங்கறாரு.

— இப்பவாவது நான் சொல்றதைக் கேளுங்க.

— எனக்கு ஒண்ணும் ஓடலைடி. மணி என்ன?

— பதினொண்ணு பத்து. உக்காருங்க அண்ணி, குறுக்கும் நெடுக்கும் நடக்காதீங்க. யாரோ கதவைத் தட்டறாங்க. முகத்தைத் துடைங்க, முகத்தை! யாரது?

— நான்தான் சிஸ்டர். உப்புத் தொட்டிக்காரன். மேடம் இருக்காங்களா?

— இப்ப முடியாதுண்ணே. அப்புறம் வாங்க.

— விடு, வரட்டும். வாங்கண்ணே. உள்ள வாங்க.

— தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம். அதாவது என்னன்னா, மேனேஜர்கிட்ட பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அஞ்சு நிமிஷம்தான் நேரம். இந்த பாட்டிலைக் கொஞ்சம் பாக்கறீங்களா?

— என்ன பாட்டில் இது?

— காலையில ஆறு மணிக்கு உங்களுக்கு சாம்பிள் புடிச்சேன் இல்லையா மேடம்? அதே குழாயில, அதே நேரத்துல, இதையும் புடிச்சு வச்சேன். உப்பு மூட்டை வராததால மனசுக்கு உறுத்தலா இருந்துச்சு. வாட்ச்மேன் பக்கத்துலதான் இருந்தாரு. மூடி மேல பிளாஸ்திரி ஒட்டி, நேரம் எழுதி, அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன். பிரிக்கவே இல்ல, பாருங்க.

— ஏண்ணே, இதை டாக்டர்கிட்ட குடுக்காம இங்க ஏன் கொண்டு வந்தீங்க?

— டாக்டர்கிட்ட குடுத்தா, அவர் வெளி லேபுக்கு அனுப்புவாரு. அங்க வேற மாதிரி வந்துடுச்சுன்னு வைங்க, சிஸ்டர், நம்ம மேடம் சீட்டு தப்புன்னு ஆயிடும். அது மரியாதை இல்ல. மேடமே பாக்கட்டும். மேடம் சொன்னா அதுதான் எனக்கு.

— உங்களுக்கு என்ன தோணுது? நீங்க வால்வைத் திறந்தீங்களா?

— திறக்கலைன்னுதான் மேடம் நினைக்கறேன். ஆனா உங்க சீட்டு சைபர்னு சொல்லுது. நீங்க தப்பா எழுதவே மாட்டீங்க. அதை நினைக்க நினைக்க, ஒருவேளை தூக்கக் கலக்கத்துல நான்தான் கை வச்சுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நாலு பேர் வாந்தி எடுக்கறதைப் பாத்தேன் மேடம். அந்த அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்ப படிக்கட்டுல நான்தான் ஒரு பக்கம் புடிச்சேன். என்னாலயான்னு தெரிஞ்சுக்கணும். இது சிவப்பா வந்தா தொட்டி காலையிலேயே செத்துப்போச்சுன்னு அர்த்தம். நீலமா வந்தா நான்தான். போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்.

— அண்ணி, இதெல்லாம் அவசரத்துல பாக்கற வேலை இல்ல. டாக்டர் வரட்டும்.

— குடுங்கண்ணே பாட்டிலை.

— அண்ணி!

— சும்மா இரு. பிளாஸ்திரியை நீங்களே பிரிங்கண்ணே. சரி. இப்ப குடுவை…

— வலது பக்கம் இருக்கு மேடம், கவுத்து வச்சிருக்கே.

— இல்ல. இன்னொண்ணை எடுத்துக்கறேன். அந்த நூல் கட்டினதை.

— அண்ணி, அது வேணாம்!

— நீ தள்ளு.

— அண்ணி, சொன்னாக் கேளுங்க. அதை எடுக்காதீங்க, இப்ப எதையுமே எடுக்காதீங்க.

— இவ்வளவு நேரம் நீ என்ன சொல்லிக்கிட்டிருந்த? இப்ப நான் கேக்கறேன். கேக்கும்போது தடுக்கறியே.

— நான் சொன்னது வேற… ஐயோ, எப்படிச் சொல்றது இவங்களுக்கு!

— மேடம், அதுல ஏற்கனவே கொஞ்சம் தண்ணி இருக்கே?

— அது… அது அப்படித்தான் இருக்கணும்ணே. அது ஒரு மருந்து. பாட்டிலைச் சாய்ங்க. போதும். இது பஃபர், அம்மோனியா கலந்தது. மூக்கைப் புடிச்சுக்கோங்க, நெடி அடிக்கும்.

— பழக்கம்தான் மேடம். தினமும் வாசல்ல நின்னு மோந்தவன்தானே.

— உங்களுக்கு எத்தனை வருஷம் இங்க?

— ஒம்போது முடியப்போகுது. ஏன் மேடம்?

— ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்.

— அண்ணி, வேணாம். பொடியைக் கீழ வைங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்.

— நாளைக்குன்னு ஒண்ணு இல்ல. கண்ணை மூடிக்கோ நீ, பாக்க வேணாம். அண்ணே… என்னை மன்னிச்சுடுங்க.

— நீங்க எதுக்கு மேடம் மன்னிப்பு கேக்கறீங்க? எது வந்தாலும் உங்க மேல எனக்கு வருத்தம் கிடையாது. போடுங்க.

— போட்டாச்சு.

— அசக்குங்க மேடம், கரையட்டும்… சிஸ்டர், கண்ணைத் திறந்து பாருங்க. சிவப்புதானே இது? எனக்கு மட்டும் அப்படித் தெரியுதா?

— சிவப்புதாண்ணே.

— சிவப்பு! அப்ப நான் வால்வைத் தொடவே இல்ல! காலையிலேயே தொட்டி செத்துப்போச்சு. நான் சொன்னேன், நேத்தே சொன்னேன் மேடம். ஐயோ, என் வயித்துல பாலை வார்த்தீங்க. உங்க சீட்டு தப்புன்னு உங்க கையாலேயே காட்டிக் குடுத்துட்டீங்களே. எவ்வளவு பெரிய மனசு! வேற யாரா இருந்தாலும் இதுல ஏதாவது பண்ணியிருப்பாங்க மேடம், சத்தியமா பண்ணியிருப்பாங்க. நான் ஓடிப்போய் டாக்டரைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன். கொட்டிடாதீங்க, அப்படியே வச்சிருங்க.

— போயிட்டாரு அண்ணி. உக்காருங்க. குடுவையைக் குடுங்க, விழுந்துடப் போகுது.

— நூல் கட்டினதுதானே இது? நான் அதைத்தானே எடுத்தேன்?

— அதேதான்.

— தெரிஞ்சேதான் எடுத்தேன். அந்த மனுஷன் தலையில கட்டிடலாம்னுதான் எடுத்தேன். உங்கண்ணன் அழுதது காதுலேயே நிக்குது, என்னால முடியலடி. ஈடிடிஏ மேல ஊத்தினா நீலமாத்தான் வரணும். எப்படி சிவப்பு வந்துச்சு?

— உள்ள இருந்தது வெறும் தண்ணி அண்ணி. நீங்க ஃபோன் பேசிட்டு இருந்தப்ப எல்லாத்தையும் கொட்டிட்டு, மூணு தடவை கழுவி, உங்க கேன்ல இருந்து சுத்தத் தண்ணி ரெண்டு விரல் ஊத்தி வச்சேன்… டாக்டர் வந்ததும் நீங்க உண்மையை நிரூபிச்சுடக் கூடாதுன்னு.